சொந்தக்காரர்கள் தொங்கும் சுவர்

பதினான்காவது நிலையின் கடைசிக் கட்டத்தை அக்கா தொட்டதும் திரை முழுக்கப் பச்சையாகிவிட்டது. பொடிசு எழுந்த வேகத்தில் அவள் உட்கார்ந்திருந்த சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் ஓடிப்போய்ச் சுவரில் இடித்தது. கதவில் ‘அமைதி காக்கவும்’ என்று அட்டை ஒட்டி வைத்தவளே அவள்தான். அந்த நினைப்பே இல்லாமல் கைதட்டினாள்.

பொடிசு என்பது வீட்டில் வைத்த பேர். வைத்தபோது அவளுக்கு மூன்று வயது, பொருத்தமாகத்தான் இருந்தது. இப்போது இருபத்தாறு வயதாகி, அக்காவைவிட ஒரு சாண் உயரமாகி, விளையாட்டுப் பயிற்சி மையத்தில் நினைவுப் பயிற்சி கொடுக்கிறவளாக வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பேர் அவளை விடவில்லை. அக்கா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மையத்து வாட்ச்மேன்கூட “பொடிசு மேடம்” என்றுதான் சல்யூட் அடிக்கிறார்.

அவளுடைய அறையில் ஏழு திரைகள், ஏழு நாற்காலிகள், எப்போதும் இழுத்து மூடிய நீலத் திரைச்சீலை. கால்பந்துக்காரர்கள், நீச்சல்காரர்கள், அம்பு விடுகிறவர்கள் எல்லாரும் நாளுக்கு அரைமணி நேரம் அங்கே வந்து உட்கார வேண்டும். திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக மின்னி அணையும். எந்த வரிசையில் மின்னியதோ அந்த வரிசையில் விரலால் தொட வேண்டும். நிலை ஏற ஏறக் கட்டங்களும் கூடும். பெரும்பாலானவர்கள் ஒன்பதில் நின்றுவிடுவார்கள். ஒரு கோல்கீப்பர் பன்னிரண்டைத் தொட்டுவிட்டு மையத்தில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அக்கா பதினான்கு. அதுவும் தலையில் அடிபட்டு ஒன்றரை வருஷம் ஆன அக்கா. பொடிசுக்கு உச்சி குளிர்ந்து போனதில் ஆச்சரியம் இல்லை.

அக்கா சுவர் ஏறுகிறவள். ஐந்து மாடி உயரத்துக்குச் செங்குத்தாக, சில இடங்களில் நம் தலைக்கு மேல் கவிந்துகொண்டு நிற்கிற சுவர். அதில் பிளாஸ்டிக் பிடிகளைத் திருகிப் பூட்டியிருப்பார்கள். ஒன்று கைக்கு அடக்கமாக இருக்கும், ஒன்று விரல் நுனிக்கு மட்டும் இடம் தரும், ஒன்று தொட்டாலே வழுக்கும். போட்டியன்று வரைக்கும் அந்த வழியை யாருக்கும் காட்டமாட்டார்கள். அன்றைக்கு எல்லாரும் கீழே நின்று ஆறு நிமிஷம் பார்க்கலாம். பிறகு ஓர் அறையில் போட்டுப் பூட்டி, ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். இடுப்பில் கட்டிய கயிற்றை வழியில் இருக்கிற கொக்கிகளில் மாட்டிக்கொண்டே ஏற வேண்டும். ஆறு நிமிஷத்தில் கண்ணால் பார்த்ததுதான் கையிருப்பு. மேலே போய் நின்று யோசித்தால் கை சோர்ந்துவிடும்.

அக்காவுக்குக் கையில் பலம் திரும்பிவிட்டது, காலில் திரும்பிவிட்டது. டாக்டர் எல்லாவற்றுக்கும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் பாதிச் சுவரில் நிற்கும்போது, மீதி வழி தலையில் இருந்து அழிந்துவிடும். தரையிலும் அதே கதைதான். சாவியைத் தேடினால் ஃபிரிட்ஜில் இருக்கும். அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகும். “இந்த மாசத்துல மூணாவது பாத்திரம்” என்று பொடிசு கணக்குச் சொல்ல, “நீ கணக்கு வெச்சிருக்கேல்ல, நான் எதுக்கு ஞாபகம் வெக்கணும்?” என்பாள் அக்கா. வாய்க்கு மட்டும் அடிபடவில்லை.

தேசிய அணிக்கான தேர்வுப் போட்டி ஆறு வாரத்தில் இருந்தது. கோச் எட்டுப் பேரைத்தான் பட்டியலில் எழுதியிருந்தார். ஒன்பதாவதாக அக்காவின் பேரைச் சேர்த்தது பொடிசு கொடுத்த வாக்குக்காக. ஒன்பதில் இரண்டு பேர் அணிக்குப் போவார்கள். அடுத்த தேர்வு இரண்டு வருஷம் கழித்து, அதற்குள் அக்காவுக்கு முப்பத்து மூன்று ஆகிவிடும். இதுதான் கடைசி என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை.

பதினான்காம் நிலையின் காகிதத்தை அச்செடுத்துக்கொண்டு பொடிசு நேராகக் கோச்சிடம் போனாள். போகிற வழியில் தேவையே இல்லாமல் அந்தக் கோல்கீப்பரிடமும் காட்டினாள்.

கோச் அதிகம் பேசமாட்டார். காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. சுவர்ல பாப்போம்” என்றார்.

அன்று மாலையே புது வழி ஒன்றைப் பூட்டச் சொல்லி, அக்காவுக்கு ஆறு நிமிஷம் கொடுத்து, அரைமணி அறையில் உட்கார வைத்து, ஏறச் சொன்னார். எட்டாவது பிடிவரைக்கும் அக்கா வழுக்கிக்கொண்டு போவது மாதிரி போனாள். ஒன்பதாவதில் நின்றாள். வலது கை காற்றில் துழாவியது. இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். முழங்கை நடுங்க ஆரம்பித்தது. கயிற்றில் வந்து தொங்கியபோது அவள் முகம் சுவர் பக்கம் திரும்பியிருந்தது. இறக்கிவிடுகிறவரைக்கும் திரும்பவில்லை.

“பதினாலு கட்டத்தை உக்காந்துக்கிட்டுத் தொட்டாங்க” என்றார் கோச். “இங்க உக்கார இடம் இல்லையேம்மா.”

பொடிசு முகத்தில் ஈயாடவில்லை. காகிதத்தை நான்காக மடித்தாள். அவள் மனசுக்குள் ஒரு பிடிவாதக்காரி உண்டு. அவள் சொன்னாள், இன்னும் இரண்டு நிலை ஏற்றினால் சரியாகிவிடும் என்று. கூடவே ஒரு நியாயக்காரியும் உண்டு. அவள் வேறு ஒன்றைச் சொன்னாள்: கட்டம் தொடுகிற பயிற்சியால் அக்காவுக்கு வந்திருப்பது, நன்றாகக் கட்டம் தொடுகிற திறமை. அவ்வளவுதான்.

“நான் சொன்னது தப்பு சார்” என்றாள்.

“அப்ப பேரை எடுத்துரவா?”

“வேணாம் சார். வேற மாதிரி பண்ணிப் பாக்கறேன்.”

“உங்க வார்த்தைக்காகத்தான் போட்டேன்” என்றார் கோச். கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பொடிசுக்கு இருந்தது.

அக்காவும் தங்கையும் மையத்துக்குப் பின்தெருவில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் வேறு ஊரில். கூடத்தில் சோபாவுக்கு மேலே ஒரு குடும்பப் போட்டோ மாட்டியிருந்தது. பெரியப்பா வீடு கட்டி முடித்த அன்று, புது வீட்டின் வாசற்படிகளில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி எடுத்தது. இருபது வருஷம் ஆகிவிட்டது. அதில் எத்தனை பேர் என்பதில் வீட்டில் ஓயாத சண்டை. அப்பா முப்பது என்பார், அம்மா முப்பத்தொன்று என்பாள். காரணம் பொடிசுதான். பெரிய மாமா மலை மாதிரி நிற்கிற இடத்துக்குப் பின்னால் போய் அவள் மாட்டிக்கொண்டாள். மாமாவின் தோளுக்கு மேலே அவளுடைய மஞ்சள் ரிப்பனின் ஓரம் மட்டும் விரல் நகம் அளவுக்குத் தெரியும். ரிப்பனை ஆளாகக் கணக்கில் எடுக்க முடியாது என்பது அப்பா கட்சி.

அன்றிரவு சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அக்கா அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள், ஆனால் அழவில்லை என்று சொல்லிவிட்டாள். அவளைப் பேச வைப்பதற்காகப் பொடிசு சும்மா கேட்டாள், “சின்ன மாமா எங்க நிக்கறாரு?”

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “மூணாவது படி, இடது ஓரம். வாட்ச் தெரியணும்னு கையைத் தூக்கிட்டு நிப்பாரு. அவருக்கு மேல சித்தி, கண்ணை மூடிட்டா. சித்திக்கு வலது பக்கம் பெரிய அத்தை, இஞ்சி தின்ன மூஞ்சி. அவங்க முன்னாடி அவங்க பையன், ஒரு கால்ல மட்டும் செருப்பு.”

“கீழ் வரிசைல?”

அக்கா கீழ் வரிசையைச் சொன்னாள். மேல் வரிசையைச் சொன்னாள். யார் சட்டையில் பட்டன் இல்லை, யார் யார் தோளில் கை போட்டிருந்தார்கள், யார் கையை உதறிவிட்டார்கள், எல்லாம் சொன்னாள். ஓர் ஆள்கூட இடம் மாறவில்லை. பொடிசு சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

“முப்பது பேர் ஞாபகம் இருக்கு. ஒன்பதாவது பிடி ஞாபகம் இல்லையா?”

“அது பிளாஸ்டிக்டி” என்றாள் அக்கா. “இவங்க மனுஷங்க.”

பொடிசு அவளை உற்றுப் பார்த்தாள். அக்காவும் அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாளில் இருந்து அக்கா அந்த நீலத் திரைச்சீலை அறைக்கு வரவில்லை. பொடிசுதான் சுவருக்கு வந்தாள். வேலை இதுதான்: வழியைப் பார்க்கும் ஆறு நிமிஷத்தில் ஒவ்வொரு பிடிக்கும் ஒரு சொந்தக்காரர். அதுவும் கண்டபடி இல்லை, குணம் பொருந்த வேண்டும். கைக்கு நன்றாக அடங்குகிற பிடி அப்பா, கேட்டதெல்லாம் கொடுப்பவர். விரலைக் கடிக்கிற சின்ன விளிம்பு பெரிய அத்தை. முதலில் உறுதியாகத் தெரிந்து, எடை போட்டதும் கைவிடுகிற பிடி சின்ன மாமா. இரண்டு விரலுக்கு மட்டும் இடம் தரும் குழி சித்தி, அவள் வீட்டுக்குப் போனால் உட்காரச் சொல்வாள், சாப்பிடச் சொல்லமாட்டாள். ஆள் போதாமல் போனால் போட்டோவுக்கு வெளியே இருந்தும் கூட்டிக்கொண்டார்கள். பழைய வீட்டு எதிர்வீட்டுக்காரர், பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர், ஒருமுறை அம்மாவிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்ட பால்காரர்.

அக்கா ஏறும்போது உதடு அசையும். “அப்பா, சித்தி, காலை மாத்து, பெரியத்தை, டீச்சர்.” கோச் கீழே நின்று இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் பொடிசைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, “டாக்டர்கிட்ட இன்னொரு தடவை காட்டிரலாமா?” என்றார்.

விஷயம் போனில் அம்மாவுக்கும் போனது. அம்மாவுக்குச் சந்தோஷம்தான், கடைசியில் சொந்தபந்தத்துக்கு ஓர் உபயோகம் வந்ததே என்று. ஆனால் சட்டென்று ஒன்று உறைத்தது.

“ஏன்டி, கையால பிடிச்ச பிடிய அடுத்து காலாலயும் மிதிப்பேல்ல?”

“மிதிச்சாதாம்மா மேல போக முடியும்.”

“பெரியப்பா தலை மேலயா காலை வெக்கற?”

“முதல்ல கையால தொட்டுட்டுத்தான் மிதிக்கறேன்” என்றாள் அக்கா. தொட்டுவிட்டு மிதித்தால் அவ்வளவு குற்றமில்லை என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். “உங்கப்பாவை மட்டும் மெதுவா மிதி. அவருக்கு முதுகுவலி.”

முதல் வாரம் பன்னிரண்டாவது பிடி. இரண்டாவது வாரம் இருபது. வீட்டிலும் நல்லது நடந்தது. சாவிக் கொத்துக்குப் பெரிய அத்தை என்று பேர் வைத்ததில் இருந்து அது ஃபிரிட்ஜுக்குள் போகவில்லை. அவளை அங்கே விட்டால் அத்தனையையும் குறை சொல்லிவிடுவாள் என்றாள் அக்கா.

மூன்றாவது வாரம் ஒரு நாள் கோச் வேறு ஊர்க் கோச் ஒருவரை அழைத்துவந்து காட்டினார். அன்றைக்குப் பார்த்து, நடுச்சுவரில், ஒரு பிள்ளைகூடப் பிடிக்கக்கூடிய பிடியைத் தாண்டிக் கையை நீட்டி, எட்டாமல், அக்கா கீழே வந்தாள். பொடிசு ஓடி வந்தாள். மறுபடியும் அழிய ஆரம்பித்துவிட்டதா?

“என்னாச்சுக்கா? மறந்துட்டியா?”

“மறக்கல” என்றாள் அக்கா. கயிற்றை அவிழ்த்துக்கொண்டே அசடு வழியச் சிரித்தாள். “பதினாறாவது பெரியப்பா. பதினேழாவது சின்ன மாமா.”

“அதுக்கு?”

“அவங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கறதில்லையே.”

உண்மைதான். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இரவல் போன ஏணி ஒன்று, ஒரு படி உடைந்து திரும்பி வந்ததில் ஆரம்பித்த பகை. எந்த வீட்டு விசேஷத்திலும் அவர்களைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். அக்காவின் கைக்கும் தெரிந்திருந்தது. பெரியப்பாவை விட்ட கை, நேராகச் சின்ன மாமாவிடம் போக மறுத்து, அவரைத் தாண்டி அத்தையைத் தேடியிருக்கிறது.

இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். வேறு ஊர்க் கோச் நல்ல மனிதர், எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இன்னொரு விதி சேர்ந்தது. பேர் வைத்து முடித்ததும் கடைசி அரை நிமிஷம் ஒருமுறை பந்தியைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட வேண்டும், ஆகாதவர்கள் பக்கத்தில் இருந்தால் ஆளை மாற்றிவிட வேண்டும்.

இத்தனையிலும் பொடிசுக்கு ஒரு சின்னக் குறை இருந்தது. சின்னக் குறை என்றுதான் அவளும் சொல்லிக்கொண்டாள். ஒரு நாள் படிக்கட்டில் இறங்கும்போது கேட்டேவிட்டாள்.

“பால்காரர்கூடச் சுவர்ல இருக்காரு. என்னை ஏன் எங்கயும் வெக்கல?”

“போட்டோல நீ எங்கடி இருக்க?” என்றாள் அக்கா. “ரிப்பனைக் கொண்டுபோய் எங்க மாட்டறது?”

பொடிசும் சிரித்துவைத்தாள். ஆனால் மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி முன்னால் இறங்கிவிட்டாள். காலையும் மாலையும் சுவருக்குக் கீழே கழுத்து வலிக்க நிற்பவள் அவள். பால்காரருக்குக் கொடுத்த இடம் தனக்கு இல்லையா என்று இருந்தது. இருபத்தாறு வயதில் இதற்கெல்லாம் மூக்கு உறிஞ்சக் கூடாது என்பதால் உறிஞ்சவில்லை.

தேர்வு நாளன்று அம்மா முதல் வண்டியிலேயே வந்து இறங்கிவிட்டாள். மையத்தின் பெரிய கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சுவரை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அக்காவும் மற்ற எட்டுப் பேரும் செல்போனைக் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார்கள். இனி அவளிடம் யாரும் பேச முடியாது.

துணி விலகியது. சாம்பல் நிறச் சுவரில் மஞ்சள் பிடிகள், அடியில் இருந்து முடிவரை முப்பத்தாறு என்று பலகையில் போட்டிருந்தார்கள். முக்கால் உயரத்துக்கு மேல் சுவர் வெளியே கவிந்தது. உச்சியில் ஒரு பெரிய முக்கோணப் பெட்டியைப் பூட்டியிருந்தார்கள், அலமாரி அளவுக்கு, மொழுமொழுவென்று. அதை ஒட்டி மேலே கடைசிக் கொக்கி. அதில் கயிற்றை மாட்டினால் முழுச் சுவரும் ஏறியதாகக் கணக்கு.

ஒன்பது பெண்கள் வரிசையாக வந்து அண்ணாந்து பார்த்தார்கள். எல்லாரும் காற்றில் கையை அசைத்து ஏறிப் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கையை அசைக்கவில்லை. உதடுதான் அசைந்தது. நடுவில் ஒருமுறை தலையை ஆட்டிக்கொண்டு எதையோ மாற்றினாள். ஆகாதவர்களைப் பிரிக்கிறாள் என்று பொடிசுக்குப் புரிந்தது. கடைசி நிமிஷத்தில் அக்கா மட்டும் கூடத்தின் இடது மூலைவரை நடந்துபோய், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, உச்சியை ஒரே ஒரு கணம் பார்த்தாள். சின்னதாகச் சிரித்தாள். மணி அடித்தது. உள்ளே போய்விட்டாள்.

முதலில் வந்தவள் இருபத்தொன்றில் விழுந்தாள். அடுத்தவள் முப்பதில். நான்காவதாக வந்தவள் போன வருஷம் முதலிடம் வாங்கியவள். அழகாக ஏறிப் பெட்டிவரைக்கும் போனாள். ஒரு கையால் பெட்டியை அணைத்துக்கொண்டு, மறு கையால் கயிற்றை எடுத்துக் கொக்கியில் மாட்டப் பார்த்தாள். வழுக்கிவிட்டது. பலகையில் முப்பத்தைந்து என்று விழுந்தது. ஆறாவதாக வந்தவளுக்கும் அதே கதை, அதே முப்பத்தைந்து. முப்பத்தாறாவது பிடி எங்கே என்று நாற்காலிகளில் முணுமுணுப்பு. பெட்டிதான் கடைசி என்றார் ஒருவர், அப்படியானால் எண்ணிக்கை ஒன்று குறைகிறதே என்றார் இன்னொருவர். கோச் கையைக் கட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார்.

ஏழாவது அக்கா.

அம்மா பொடிசின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கையில் வெள்ளைப் பொடியைப் பூசி, ஒருமுறை மூச்சை விட்டு, முதல் பிடியைத் தொட்டாள்.

“இது யாரு?” என்றாள் அம்மா காதருகில்.

“தெரியலம்மா. அவளுக்குத்தான் தெரியும்.”

“உங்கப்பாவா இருக்கும். முதல்ல அவரத்தான் கூப்பிடுவா.”

எட்டு போனது, ஒன்பது போனது. ஒன்பதைத் தாண்டியதும் பொடிசு தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தாள். பதினைந்தில் அக்கா சின்னதாக ஒரு விளிம்பைப் பிடித்து முகத்தைச் சுளித்தாள். “பெரியத்தை” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இருபத்திரண்டில் ஒரு கணம் நின்றாள். அக்கா கையை உதறினாள், உதடு அசைந்தது, குறுக்கே காலைப் போட்டு அடுத்ததற்குப் போனாள். மறக்கவில்லை, இளைப்பாறியிருக்கிறாள்.

சுவர் கவிகிற இடம் வந்தது. முப்பது, முப்பத்தொன்று. முதுகு தரையைப் பார்க்க அக்கா தொங்கினாள். தோளில் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. ஏறக் கொடுத்த நேரத்தில் இன்னும் ஒரு நிமிஷம்தான் மிச்சம் என்று பலகை காட்டியது. முப்பத்து நான்கு. முப்பத்தைந்தாவதாக இடது கையைப் பெட்டியின் மேல் அகலமாக விரித்து வைத்தாள்.

எல்லாரும் அவள் கயிற்றை எடுப்பாள் என்று பார்த்தார்கள். அவள் எடுக்கவில்லை. வலது கையை நீட்டிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய், அதற்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் விட்டாள். கீழே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்திருக்கும், காற்றைப் பிடிக்கப் போகிறாள் என்று. கை நின்றது. தோள் இறுகியது. அங்கே எதையோ பிடித்துவிட்டாள்.

பெட்டியை விட்ட இடது கையால் நிதானமாகக் கயிற்றை எடுத்து, கடைசிக் கொக்கியில் மாட்டினாள். அந்தக் கிளிக் சத்தம் கூடத்தின் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது. பலகையில் முப்பத்தாறு.

பொடிசு நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். பக்கத்து நாற்காலிக்காரர், யார் எவர் என்றே தெரியாதவர், “தெரிஞ்ச பொண்ணா?” என்றார். “எங்கக்கா” என்றாள் பொடிசு. ஒருமுறை சொன்னது போதாமல், அவர் கேட்காமலேயே மறுபடியும் சொன்னாள், “என் கூடப் பிறந்த அக்கா.” இந்த உலகத்தில் அந்த நிமிஷம் வேறு யாருக்காவது அக்கா இருந்தாளா என்பதே சந்தேகம், அப்படிச் சொன்னாள்.

அக்காவுக்குப் பிறகு ஏறிய இரண்டு பேரில் ஒருத்தி நடுவில் விழுந்தாள், ஒருத்தி பெட்டியில் வழுக்கினாள். பட்டியலின் முதல் வரியில் அக்கா.

கோச் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் மூன்று பேரும் நின்ற இடத்துக்கு வந்தார். அணிக்குப் போகிறவர்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தது என்று எழுத வேண்டுமாம். “நினைவுப் பயிற்சி, எந்த நிலைன்னு போடறது?” என்று படிவத்தையும் பேனாவையும் பொடிசிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு அக்காவிடம் திரும்பினார். “கடைசிப் பிடி பெட்டிக்குப் பின்னாடி இருந்துச்சு. பூட்டினவங்களையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. எப்படிம்மா பாத்தீங்க?”

“குப்பைத் தொட்டிக்கிட்ட நின்னா ஓரம் மட்டும் தெரிஞ்சுது சார்” என்றாள் அக்கா. “நகம் அளவுக்கு மஞ்சள். அந்தப் பெட்டி எங்க பெரிய மாமா. அவர் தோளுக்குப் பின்னாடி மஞ்சளா ஓரம் தெரிஞ்சா யாருன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.”

பொடிசு கையில் பேனா அப்படியே நின்றது.

“அதுக்குப் பேர் வெக்க நேரமே ஆகல சார்” என்றாள் அக்கா. “அது ஏற்கெனவே பொடிசுதான்.”

பொடிசு படிவத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள், ஏதோ படிப்பது மாதிரி. இத்தனை நாள் உறிஞ்சாமல் வைத்திருந்த மூக்கை அதற்குப் பின்னால் உறிஞ்சினாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வழக்கமான சந்தேகம் வந்துவிட்டது.

“சின்னப் பொண்ணுடி அவ. அவளையுமா மிதிச்ச?”

“இல்லம்மா” என்றாள் அக்கா. “அதுக்கு மேல ஏற இடமே இல்ல. அவளைப் பிடிச்சுக்கிட்டுதான் நின்னேன்.”